துணைக்குப் போனவள்

தேனி,
மூன்றாம் ஆடிச் சனி முடிந்த திங்கட்கிழமை.

ஜெஸ்லினின் அண்ணன் அவர்களுக்கு,

அவருடைய மனைவி ஹேமாவதி எழுதிக்கொள்வது. இங்கே பாப்பா, அத்தை, உங்கள் தங்கச்சி எல்லோரும் நலம். நானும் நலம்தான், யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன். அன்புள்ள என்று ஏன் ஆரம்பிக்கவில்லை என்று யோசிப்பீர்கள். கோபத்தில் இருக்கிறேன். எழுதி முடிப்பதற்குள் ஆறினால் கடைசியில் சேர்த்துக்கொள்கிறேன்.

விடுமுறைக்கு வந்த பொன்னுராஜ் அண்ணன் வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதமும், நார்த்தங்காய் ஊறுகாயும், பாப்பா கலர் பென்சிலில் வரைந்த ஒரு படமும் வரும். படத்தில் இருப்பது நீங்கள் என்கிறாள். விமானம் மாதிரியும் இருக்கிறது. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. இங்கே மூன்று நாளாகக் காற்று, மொட்டை மாடியில் துணி நிற்க மாட்டேன் என்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆலயத்துக்கு ஆட்டோ வைக்காமல் நடந்தே போய்வந்தார்கள்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். வெளிநாட்டில் இருந்தது போதும், அடுத்த வருஷம் ஊருக்கு வந்து பேக்கரி போடலாம் என்று இருக்கிறீர்கள். பெண் பெயரில், கையில் பயிற்சிச் சான்றிதழோடு போனால் வங்கியில் காரியம் சுலபம் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் உத்தமபாளையம் சமுதாயக் கல்லூரியில் ஆறு மாதத் தொழில்முனைவோர் படிப்பில் தங்கச்சியைச் சேர்த்து, கடையை அவள் பெயரிலேயே போடலாம் என்று முடிவு. முதல் இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டலாம் என்பது அந்தக் கல்லூரி வழக்கம். நீ கூடப் போய்ப் பார்த்து, கட்டுகிற காசுக்குப் பெறுமா என்று உண்மையாக எழுது, போனில் வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கும் என்றீர்கள். பார்த்தேன். எழுதுகிறேன்.

நீங்கள் அதைச் சொன்ன அன்று எனக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்லிவிட்டு, வழக்கம்போல "ஜெஸ்லின்ட்ட குடு" என்றீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட்டாயா, பாப்பா தூங்குகிறாளா, ஜெஸ்லின்ட்ட குடு. நானும் குடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அங்கேயிருந்து பார்த்தால் நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆணி போலத் தெரிவேனோ என்னவோ.

அவள் சின்னப் பெண், தகப்பன் இல்லாதவள், நீங்கள்தான் வளர்த்தீர்கள், எல்லாம் தெரியும். தெரிந்தும் எரிகிறது. போன தடவை நீங்கள் கொடுத்தனுப்பியதில் அவளுக்குப் பூப்போட்ட தோள்பை, எனக்குக் கோடாலித் தைலம். தைலம் நல்ல தைலம்தான், தலைவலிக்குத் தடவிக்கொள்கிறேன். தலைவலி வருவதே அந்தப் பையைப் பார்த்துத்தான்.

வயசுப் பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று அத்தை என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். காலையில் இட்லி ஊற்றி, பாப்பாவைப் பள்ளிக்குக் கிளப்பி, கம்பம் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வகுப்பு எடுப்பவர் ஜாய்ஸ் மேடம். போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பமாம். நான் முதல் நாள் வராந்தாவில்தான் உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் அவர்தான் உள்ளே கூப்பிட்டு, கடைசி பெஞ்சில் உட்காருங்கள் என்றார்.

தினமும் பெயர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் எழுந்து உள்ளேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரமும் கடைசிப் பெயர் முடிந்து நோட்டை மூடும்வரை நான் பெஞ்சின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். என் பெயர் அதில் இல்லை என்று தெரியும். இருந்தாலும் வாய் தயாராக இருந்தது. நம் வீட்டில் நான் மதினி, பாப்பா அம்மா, ஏம்மா. ஹேமாவதி என்று யாராவது சத்தமாகக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் யோசித்தேன்.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லத்தான் ஆசையாக இருந்தது. கட்டணம் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. பஸ், மதியச் சாப்பாடு, செய்முறைக்கு வாங்கும் சாமான் எல்லாம் தனி. அவள் ஆறு மாதம் போய்வர நான் ஆறு மாதம் வீட்டு வேலையை ஒற்றை ஆளாகப் பார்ப்பது எந்தச் செலவிலும் வராது. கடைசியில் கொடுக்கிற சான்றிதழைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். நம் கல்யாணப் பத்திரிகை அதைவிடக் கனமாக இருந்தது. அதைக் காட்டினால் கடன் கொடுத்துவிடுவார்களா என்று மேடத்திடமே கேட்டேன். அதை மட்டும் பார்த்து எந்த வங்கியும் கொடுக்காது, திட்டம், இடம், கையில் போடும் பணம் எல்லாம் பார்ப்பார்கள், இதுவும் ஒரு துணை என்றார். துணை என்ற வார்த்தை என்னை விடாது போலிருக்கிறது. உங்களுக்குச் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

முன்பு அங்கே படித்தவர்களையும் விசாரித்தேன். இம்மானுவேல் என்று ஒருவர், நம் தேனி பஜாரிலேயே ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். சொந்தக் கடை போடப் படித்தவர் வேறொருவர் கடையில் நிற்கிறார். அங்கே சொல்லிக் கொடுத்ததில் பாதி தன் அப்பாவின் கடையில் சும்மா கற்றதுதான் என்றார். கேட்டதும் எனக்குள் குளுகுளு என்று இருந்தது. இதை அப்படியே எழுதிவிடலாம், உங்கள் தங்கச்சி வீட்டில் இருந்து வெங்காயம் உரிக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் கல்லூரிக்கு எதிர்த்த தெருவில் அபிதா என்ற பெண் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளும் அங்கே படித்தவள்தான். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். பிரயோஜனம் உண்டா என்று கேட்டேன். "முன்ன பேங்குல நிக்க வச்சே பேசி அனுப்புவாக மதினி. இப்ப உக்காரச் சொல்றாக" என்றாள். கடன் கிடைத்ததா என்றால், இரண்டாம் தடவை கேட்டுத்தான் கிடைத்ததாம். இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இனி குச்சனூர் சமாச்சாரம். இதற்குத்தான் இந்தக் கடிதமே.

இரண்டு வாரத்தின் கடைசியில் எல்லோரும் ஏதாவது ஒன்றைக் கூட்டத்தில் விற்றுக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆடிச் சனி, குச்சனூர் சனீஸ்வரன் கோயில் கூட்டம். ஒருவர் எலுமிச்சை ஜூஸ் என்றார், ஒருத்தி விசிறி என்றாள். ஜெஸ்லின் வீட்டுக்கு வந்து, சனி கோயிலில் எள்ளுக்குத்தானே மதிப்பு, எள்ளுருண்டை போட்டால் அள்ளிக்கொண்டு போவார்கள் என்றாள். அத்தை கைதட்டாத குறை. வினோத்ராஜ் மாமா கடையிலிருந்து எள்ளும் வெல்லமும் வந்தன. அத்தை வறுத்தார்கள், நான் இடித்து உருட்டினேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. உங்கள் தங்கச்சி அட்டைப்பெட்டியில் அடுக்கி ரிப்பன் கட்டினாள். மேலே ஒட்டிய லேபிளில் 'ஜெஸ்லின் ஸ்வீட்ஸ்'. பலகையில் 'வீட்டுக்கு வாங்கிச் செல்லுங்கள்'.

நான் பிறந்து வளர்ந்தது குச்சனூர். அந்தக் கோயிலுக்கு எள்ளும் நல்லெண்ணெயும் கொண்டு வருகிறவர்கள் திரும்பும்போது எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். சனீஸ்வரனும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவார் என்று பயம். திருநீற்றைக்கூட அங்கேயே உதறிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் எள்ளுருண்டையைப் பெட்டியில் கட்டிக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றால் யார் வாங்குவார்கள்? உங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. வேதாகமத்தோடு ஆலயத்துக்குப் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும். எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. ஒவ்வொரு உருண்டையாக உருட்டிக்கொண்டே சொல்லவில்லை. ஜெஸ்லின் ஸ்வீட்ஸ் என்று அவள் சத்தமாகப் படித்துக் காட்டியபோது, நல்லா இருக்கு என்றேன்.

அன்று என் ஊரில் என்னைப் பார்த்தவர்கள் பலர். உங்களைக் கட்டிக்கொண்டதற்கு முகத்தைத் திருப்பியவர்கள்கூட எப்போ வந்தே ஆத்தா என்று கேட்டார்கள். நான் பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜூஸ்காரர் பத்து மணிக்கே காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டார். வருகிறவர்கள் ஜெஸ்லினுடைய பெட்டியை எடுத்துப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், கோயில் கோபுரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். மதியம்வரை ஒரு பெட்டி போகவில்லை. அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. அழுகை வந்தால் அவளுக்கு அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? குளிர்ந்த மோர் குடித்த மாதிரி இருந்தது. நீங்கள் உண்மையாக எழுதச் சொன்னீர்கள்.

அழுதுவிடுவாள், வீட்டுக்குப் போகலாம் மதினி என்பாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த, தேவாரம் ஊரிலிருந்து வந்த ஒருவர் பின்னாலேயே ஓடினாள். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏன் வாங்கவில்லை என்று கேட்டாள். அந்த மனுஷன் சிரித்துவிட்டார். "இங்கன இருந்து எள்ளைத் தூக்கிட்டுப் போயி வீட்டுக்குள்ள வப்பாகளா தாயி? இங்கனயே குடுத்துட்டு, திரும்பிப் பாக்காமப் போகணும்" என்றார். வாங்காதவரிடம் போய் ஏன் என்று கேள் என்பது முதல் வாரம் மேடம் நடத்தியது. அந்தப் பாடத்தை நானும்தான் கேட்டேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து.

திரும்பி வந்தவள் நேராகப் பெட்டிகளிடம் போனாள். ரிப்பனை அறுத்தாள். அவள் பெயர் போட்ட லேபிளை, ராத்திரி அவ்வளவு ஆசையாக ஒட்டியதை, அவளே உரித்துப் போட்டாள். உருண்டைகளைத் தாம்பாளத்தில் கொட்டினாள். பலகையைத் திருப்பி, 'இங்கேயே தானம் கொடுக்க எள்ளுருண்டை, ஒற்றையாகவும் வாங்கலாம்' என்று எழுதினாள். கோயில் வழியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எள் சாதம் வாங்கிக் கொடுக்கிறவர்கள் எல்லாம் உருண்டையும் வாங்க ஆரம்பித்தார்கள். காக்காய்க்கு வைக்க வாங்கினார்கள். முதலில் வைத்துவிட்டுப் போன அந்த தேவாரத்துக்காரரே திரும்பி வந்து கை நிறைய வாங்கினார். சாயங்காலத்துக்குள் தாம்பாளம் துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு என் பிறந்த ஊரில் உட்கார்ந்து கொண்டு அழுகை வந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்த விஷயத்தைத் தெரிந்து வைத்திருக்கிறேன். அதை வைத்து ஒரு உருண்டை விற்க எனக்குத் தோன்றவில்லை. ஒன்றும் தெரியாத பெண் ஒரு கேள்வி கேட்டாள், விற்றுவிட்டாள். பையைப் பார்த்து வந்த பொறாமையெல்லாம் ஒரு பொறாமையே இல்லை. அன்று வந்ததுதான் பொறாமை.

முடிந்ததும் மேடம் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். ஜெஸ்லின் நடந்ததைச் சொன்னாள். மேடம் சட்டென்று என் பக்கம் திரும்பி, நீங்கள் இந்த ஊர்க்காரர்தானே ஹேமாவதி, உங்களுக்கு இது தெரியாதா என்று கேட்டார். இத்தனை நாள் யாராவது என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கினேனே, அப்போதுதான் கூப்பிட வேண்டுமா. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானையில் ஒட்டியிருந்த எள்ளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் தங்கச்சிதான் பதில் சொன்னாள். "மதினிக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாக மேடம்" என்றாள்.

அதை நம்பிச் சொன்னாளா, என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. பஸ்ஸில் அன்று எனக்கு ஜன்னலோரம் விட்டாள். சின்னமனூர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தலைமுடியெல்லாம் எள் வாசம். பஸ் குலுங்கும்போது விழுந்துவிடாமல் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். அவளிடம் நானே சொல்லிவிடுவேன். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அது ஒன்றையாவது எனக்கு விட்டுவிடுங்கள்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில். அந்தத் தாள் காசுக்குப் பெறாது. அங்கே உட்கார்ந்து கற்பது பெறும். கடன் கையில் வந்துவிடும் என்று நம்பிக் கட்டாதீர்கள், ஆனால் கட்டுங்கள். ஜெஸ்லினுக்குக் கட்டுங்கள். கடையை நன்றாகவே நடத்துவாள். பொறாமையோடுதான் எழுதுகிறேன், அதனால் நீங்கள் இதை நம்பலாம். இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும்.

இன்னொரு தகவல், உங்களுக்குத் தேவைப்படாது, இருந்தாலும் எழுதுகிறேன். அந்தப் படிப்பில் சேர டிகிரி வேண்டாம், பத்தாவது போதும். நான் பன்னிரண்டு முடித்தவள், மறந்திருப்பீர்கள். கல்யாணமானவர்களும் படிக்கிறார்கள். இடமும் இருக்கிறது. மேடம்தான் சொன்னார், நான் கேட்கவில்லை. இல்லை, கேட்டேன். குச்சனூரில் அப்படி நடந்த பிறகும் வெட்கமில்லாமல், எல்லோரும் போன பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். அவரும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டார். துணைக்கு வந்தால் கடைசி பெஞ்ச் என்றேன். இரண்டு பேருக்குக் கட்ட நம்மிடம் இல்லை என்று எனக்கும் தெரியும். என் காதில் கிடக்கும் தோடு அம்மா வீட்டில் போட்டது, அது என்னுடையது என்றும் தெரியும். மேலே ஒன்றும் எழுதவில்லை.

வெயிலில் நிற்காதீர்கள். ஊறுகாயை அறையில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வெறும் பாட்டிலை நக்காதீர்கள். கர்த்தர் உங்களைக் கண்ணின் மணி போலக் காக்கட்டும். குச்சனூரிலும் வாசலோடு நின்று உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன், அத்தைக்குத் தெரிய வேண்டாம்.

வரும் ஞாயிறு ஆலயம் முடிந்து போன் செய்வீர்கள். அதற்குள் இந்தக் கடிதம் கைக்கு வந்திருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன் என்பேன். பாப்பா தூங்குகிறாளா என்பீர்கள். தூங்குகிறாள் என்பேன். அதற்குப் பிறகு "ஜெஸ்லின்ட்ட குடு" என்று மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள். என் பெயரைச் சொல்லி என்னிடம் ஒன்று கேளுங்கள். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டாலும் பரவாயில்லை. என்ன கேட்க வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். நீங்கள் கேட்டால் ஆமாம் என்று சொல்வதற்கு இரண்டு வாரமாக எழுந்து நிற்கத் தயாராக இருக்கிறேன்.

அன்புள்ள உங்களுக்கு,
இப்படிக்கு,
ஹேமாவதி.